பர்ஸாவைப் பார்க்காமல் மருந்தைப் பழிக்கலாமா?

மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் கோழி வளர்ப்போர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "சொட்டு மருந்து விட்டாச்சே சார், பின்ன எதுக்கு சாவுது?" என்பதுதான். வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தை உரிய நாளில் கொடுத்த பண்ணைகளிலும் கழிச்சல் வந்தது. மருந்து குளிர்ச்சி கெட்டிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மின்சாரம் அடிக்கடி போகும் மழைக்காலத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல் மருந்தைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை.

எச்சத்துவாரத்துக்குச் சற்று மேலே, முதுகுப்புறமாக, பர்ஸா என்னும் சிறு பை இருக்கிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் முதிர்வது அங்கேதான். எதிர்ப்பொருளுக்கு அந்தப் பை இன்றியமையாதது என்பதே 1956-இல்தான் தெரியவந்தது. கம்போரோ என்னும் வேறொரு கோழிநோயின் வைரஸ் தாக்கி அழிப்பது இந்தச் செல்களைத்தான். நோய் முற்றும்போது பர்ஸா வீங்கி, மஞ்சள் நிறக் கூழ் போர்த்தி, கடுமையான தொற்றில் நாவற்பழம்போல் இரத்தம் கட்டியிருக்கும். சில நாட்கள் கழித்து அறுத்தால் சுருங்கிச் சிறுத்திருக்கும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளில் வெளிக்குறி எதுவும் தெரியாமலேயே இந்த அழிவு நடந்துவிடுவதால், பார்வைக்கு நலமாக உள்ள குஞ்சு, பின்னர் கொடுக்கும் கழிச்சல் மருந்துக்குப் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாமல் போகிறது.

செல்லுக்குள்ளும் இந்த வைரஸ் மறைந்தே வேலை செய்கிறது. அதன் மரபுப்பொருளான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டால் செல் உடனே எச்சரிக்கை அடையும். ஆனால் வைரஸின் விபி3 என்ற புரதம் அந்த இழையைப் பற்றிக்கொண்டு, செல்லில் அதை உணரும் மூலக்கூறுக்குத் தென்படாமல் செய்கிறது. வெள்ளைக் கழிச்சல் வைரஸின் வழி வேறு: அதன் வி புரதம், வைரஸுக்கு எதிராகச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் தரும் சமிக்ஞையைக் கடத்தும் ஸ்டாட்1 புரதத்தையே சிதைத்துவிடுகிறது.

எனவே முதலில் நான் கேட்பது கம்போரோ தடுப்பு மருந்து கொடுத்த நாளைத்தான். முந்திக் கொடுத்தால் தாய்க்கோழி வழி வந்த எதிர்ப்பொருள் மருந்தைச் செயலிழக்கச் செய்யும். பிந்தினால் வைரஸ் முந்திவிடும். அடுத்து, கொட்டகைத் தரையில் பரப்பும் கூளத்தை மாற்றினீர்களா என்று கேட்பேன். கொழுப்புறை இல்லாத இந்த வைரஸ் சாதாரணக் கிருமிநாசினிக்கு எளிதில் அடங்காது; கொட்டகையில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். முந்தைய தொகுதிக் கோழிகளின் மரத்தூளிலேயே புதுக் குஞ்சுகளை இறக்கும் வழக்கம், மரத்தூள் மலிவாகக் கிடைக்கும் எங்கள் பகுதியில்கூட இன்னும் ஒழியவில்லை.