சாப்பாட்டு மேசையில் விண்கலம்
கோத்தகிரியில் ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. சின்னப் பொம்மை வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சுடும் மேசைப் போர் விளையாட்டுக்காக, சாப்பாட்டு மேசையில் ஒரு விண்கலத்தின் உட்புறம் எழுந்துவிட்டது. ஓரடிச் சதுர தெர்மாகோல் பலகைகள், அட்டைச் சுவர்கள், ஐஸ்கிரீம் குச்சிக் கதவுகள். மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு தாழ்வாரம், வேறு மூலை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்! பக்கத்துக்கு ஐந்து வீரர்கள், 28 மி.மீ. அளவு. ஒரு நகர்வுக்கு 6 அங்குலம். சுடுகிற வீரனுக்கு எதிரி மறைவில்லாமல் நேராகத் தெரிகிறானா என்று அம்மாவின் தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்போம்.

நேற்று மகள் தன் கடைசி வீரனை எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் (தைலப் புட்டியின் மூடி) ஒளித்து வைத்தாள். அம்மா மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, “தொப்பி தெரியுது கண்ணு, சுடலாமில்ல?” என்றார். பகடையில் விழுந்தது ஆறு.

“பாட்டி, இன்னொரு ஆட்டம்!”

அப்புறம் வர்க்கியும் டீயும் தரையில் உட்கார்ந்துதான். மேசை இன்னும் காலியாகவில்லை.