பூவுக்கு முன் இலை: ஆப்பிரிக்க வயலட் கண்காட்சிக்குச் செடி தயாரித்த அனுபவம்

ஆப்பிரிக்க வயலட் என்னும் தொட்டிப் பூச்செடியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, அங்கே பூவின் அழகைவிட இலையின் ஒழுங்குக்கே மதிப்பு அதிகம் என்பதுதான். அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கத்தின் முறைப்படி, ஒற்றைக் குருத்துச் செடிக்கு (ஒரே வளர்முனை உள்ள செடிக்கு) உரிய 100 மதிப்பெண்களில் 30 இலைகளின் அமைப்புக்குப் போகிறது. பூக்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதற்கு 25, செடியின் நலத்துக்கும் தூய்மைக்கும் 25, பூவின் அளவுக்கும் வகைக்கும் 10, நிறத்துக்கு 10. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் பல ஆண்டுகளாக இச்செடிகளை வளர்த்து வந்த நான், உள்ளூர் வயலட் குழு ஒன்றில் சேர்ந்து இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான், கண்காட்சிக்கு வளர்ப்பது தனியான ஒரு பயிற்சி என்பதை உணர்ந்தேன்.

நிறத்துக்குப் பத்தே மதிப்பெண்தானா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. எனக்கு அந்தப் பங்கீடு முழுக்க நியாயமாகவே படுகிறது. பூவின் நிறமும் விளிம்பின் சுருக்கமும் அந்த ரகத்தை கலப்பினச் சேர்க்கையில் உருவாக்கியவரின் சாதனை. அதே ரகத்தை நூறு பேர் வளர்க்கலாம். ஆனால், இடைவெளி இல்லாமல் வட்டமாக இலை அடுக்கிய செடியை அவர்களில் ஒரு சிலரால்தான் மேசைக்குக் கொண்டுவர முடியும். மதிப்பெண் வளர்த்தவரின் கைக்குத்தான் கிடைக்க வேண்டும்.

இச்செடியின் தாயகம் இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைகளும் அவற்றை அடுத்த பகுதிகளும் ஆகும். 1892-இல் அங்கே ஜெர்மானிய நிர்வாக அதிகாரியாக இருந்த வால்டர் வான் செயின்ட் பால்-இலேர் இதைக் கண்டு ஜெர்மனியில் இருந்த தம் தந்தைக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த ஆண்டு, தாவரவியலாளர் ஹெர்மன் வெண்ட்லாண்ட் அந்தக் குடும்பத்தின் பெயராலேயே செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தாவரவியலாளர்கள் இதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், வளர்ப்பவர்களிடையே பழைய பெயரே இன்னும் வழங்குகிறது. காட்டு நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில், ஒரு கைப்பிடி மண்ணில் வேரூன்றும் செடி இது. அதை நினைவில் வைத்தால் வளர்ப்பு முறை பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்: வேருக்குக் காற்று வேண்டும், ஈரம் சீராக இருக்க வேண்டும், நேர் வெயில் கூடாது.

ஆகவே தோட்டத்து மண்ணை நான் பயன்படுத்துவதில்லை. பீட் மாஸ் என்னும் மட்கிய சதுப்புப் பாசி, பெர்லைட், வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகள்கள் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, தொட்டியின் அடித்துளை வழியாக ஓர் அக்ரிலிக் நூலைத் திரியாகச் செருகி, அதன் மறுமுனையைக் கீழே தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்குள் விடுகிறேன். பஞ்சு நூல் சீக்கிரம் மட்கிவிடும் என்பதால் செயற்கை நூலே நல்லது. காலன் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி அல்லது அதற்கும் குறைவான உரத்தை ஒவ்வொரு முறையும் கலந்துவிடுவதால் செடிக்கு உணவு விட்டுவிட்டு அல்லாமல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. வீட்டின் அடித்தள அறையில் உள்ள அடுக்குத்தட்டில், எல்இடி விளக்குகளின் கீழ், நாளுக்கு 12 மணி நேரம் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் செடி ஒரு பக்கமாகச் சாயும். அடிக்கடி திருப்பி வைத்தாலும் கண்காட்சிக்குத் தேவையான வட்ட ஒழுங்கு எளிதில் வராது. மேலிருந்து சமமாக விழும் விளக்கொளிதான் அதைக் கொடுக்கிறது.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. போட்டிக்கு வைக்கும் செடி குறைந்தது மூன்று மாதமாவது நம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இளஞ்செடியிலிருந்து ஓர் ஆண்டாவது கூடவே இருந்தால்தான் அது நம் கைக்கு வசப்படும். விரிந்த நிலையில் 6 அங்குலத்துக்கு மிகாதவை குறுஞ்செடிகள், 8 அங்குலத்துக்கு மிகாதவை நடுத்தரக் குறுஞ்செடிகள், அதற்கு மேற்பட்டவை பெருஞ்செடிகள். குறுஞ்செடிப் பிரிவில் அளவு மீறினால் செடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் போட்டியிலிருந்து விலக்கப்படும். ஆகையால் அந்த வகைகளுக்குத் தொட்டி இரண்டரை அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பெருஞ்செடிகளுக்கும் தொட்டியின் விட்டம் செடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும்.

இனி வருவது பெரும்பாலும் எடுத்தெறியும் வேலை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பக்கக் கன்று தலைகாட்டும். அதை மிகச் சிறியதாக இருக்கும்போதே ஊசிமுனையால் கிள்ளி எடுக்க வேண்டும், ஏனெனில் இரண்டாம் குருத்து வளர்ந்த செடி ஒற்றைக் குருத்துப் பிரிவில் நிற்க முடியாது. அதே இடுக்கிலிருந்துதான் பூக்காம்பும் வரும். கன்றா மொட்டா என்று பிரித்தறியக் கண் பழக வேண்டும்: குட்டி இலைகளோடு வருவது கன்று, உருண்ட முனையோடு நீண்டு வருவது பூக்காம்பு. கண்காட்சிக்குப் பல மாதம் முன்பிருந்தே எல்லா மொட்டுகளையும் கிள்ளிவிடுவேன். செடியின் வலு முழுவதும் இலைக்குப் போகிறது. இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தாற்போலப் படிகின்றன. ஒற்றை இதழ் ரகங்களுக்கு ஏறத்தாழ ஆறு வாரம், அடுக்கு இதழ் ரகங்களுக்கு எட்டு வாரம் முன்னதாகக் கிள்ளுவதை நிறுத்தினால், எல்லாக் காம்புகளும் ஒருசேரப் பூக்கும். இந்தத் தேதியைத் தள்ளிப்போட ஆசை வரும், தள்ளக் கூடாது.

இலை வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்தால், மெல்லிய மூங்கில் குச்சியைக் கலவையில் ஊன்றி, பக்கத்து இலையின் காம்பை நாளுக்குக் கொஞ்சமாக அந்த இடைவெளியை நோக்கி நகர்த்தலாம். வேர் முழுக்க ஈரமாக இருக்கும் நாளில் காம்பு விறைத்து முறிந்துவிடும். சற்றே வாடிய பொழுதில்தான் அது வளைந்து கொடுக்கும். சில வாரங்களில் இலை புதிய இடத்தில் தங்கிவிடும், குச்சியை எடுத்துவிடலாம். பெரிய இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம்பருவத்துச் சிறிய இலைகளையும் நீக்கியாக வேண்டும். கீழ் இலைகளை நீக்கிக்கொண்டே போனால் தண்டில் வெறும் கழுத்து தெரியும். அப்போது வேர்க்கட்டியின் அடிப்பகுதியை வெட்டிக் குறைத்து, கழுத்தை லேசாகச் சுரண்டி, கலவைக்குள் இறக்கி நட்டால் அதிலிருந்து புது வேர் வரும். இதைக் கண்காட்சிக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும்.

டாமி லூ போன்ற வெள்ளைத் திட்டு இலை ரகங்கள் எங்கள் அடித்தளத்தின் குளிர்ச்சியில் மிக அழகாக வெளுத்தன. வெப்பமான அறையில் அவை பச்சையாகத் திரும்பிவிடும். குருத்தே முழு வெள்ளையாகிவிட்டால் செடி உணவு தயாரிக்கத் திணறும் என்பதால், அத்தகைய செடிகளைச் சற்று வெப்பமான மேல்தட்டுக்கு மாற்றினேன்.

கடைசி நாட்களில் இலைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன். குளிர்ந்த நீர் பட்டால் இலையில் வெளிறிய புள்ளிகள் விழும். அவை மறையவே மறையா. குருத்தில் தேங்கிய நீரைக் காகிதத் துண்டின் முனையால் ஒற்றி எடுத்து, செடி முழுவதும் உலர்ந்த பிறகே விளக்கடியில் வைக்க வேண்டும். மென்மயிர் படர்ந்த இலையில் தூசி ஒட்டினால் மென்மையான தூரிகைதான் வழி. வாடிய பூ, ஒடித்த இலையின் மிச்சக் காம்பு, விதைக்காய், தொட்டி விளிம்பில் படிந்த உரத்தின் வெள்ளை உப்பு ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பெண்ணைக் குறைக்கும். தொட்டியை அலுமினியத் தாளால் சுருக்கமின்றிப் பொதிந்தேன். அட்டைப்பெட்டியில் தொட்டி அமர்வதற்கு ஒரு துளை வெட்டி, இலை எந்தச் சுவரிலும் உரசாமல், முன்கூட்டியே சூடேற்றிய காரில் எடுத்துச் சென்றேன்; எங்கள் பக்கத்து இளவேனில் காலையின் குளிர் இலையைக் கெடுத்துவிடும்.

நுழைவு மேசையில் ரகத்தின் பெயரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பிரிவை உறுதி செய்கிறார்கள். உலகெங்கும் இச்செடியின் ரகப் பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு மேற்சொன்ன சங்கத்திடமே உள்ளது. பதிவில் உள்ள வருணனைக்குப் பொருந்தாத நிறத்தில் பூத்திருந்தால் மதிப்பெண் போகும். வளர்த்தவரின் பெயர் அட்டையில் மறைக்கப்படுகிறது. அதன் பின் நடுவர்களும் உதவியாளர்களும் தவிர எவரும் அரங்கில் இருக்க முடியாது.

அந்த உதவியாளர் வேலையைப் பின்னொரு முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் இல்லை. நடுவர்கள் குழுவாக நின்று முதலில் மேலிருந்து செடியைப் பார்க்கிறார்கள். இலை வரிசையின் ஒழுங்கு அந்தக் கோணத்தில்தான் தெரியும். பிறகு குனிந்து பக்கவாட்டில், இலை தொட்டி விளிம்புக்குக் கீழே தொங்குகிறதா, கழுத்து தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு செடியும் அடுத்த செடியோடு அல்ல, அந்த ரகத்தின் நிறைவான வடிவத்தோடு ஒப்பிடப்படுகிறது. 90-உம் அதற்கு மேலும் பெற்றவை அனைத்துக்கும் நீல ரிப்பன், 80 முதல் 89 வரை சிவப்பு, 70 முதல் 79 வரை வெள்ளை. ஒரே பிரிவில் பல நீல ரிப்பன்கள் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். நீலம் பெற்றவற்றிலிருந்தே பிரிவின் சிறந்த செடியும் கண்காட்சியின் சிறந்த செடியும் தேர்வாகின்றன. என் வெள்ளைத் திட்டுச் செடி நீலம் பெற்றது. அதைப் பார்த்தபோது என் மகிழ்ச்சி பூவைப் பற்றியதாக இல்லை. குச்சி ஊன்றி நகர்த்திய ஓர் இலை தன் இடத்தில் சரியாக அமர்ந்திருந்ததைப் பற்றியதாகவே இருந்தது.

நடுவர் பயிற்சி வகுப்பில் எழுத்துத் தேர்வும் உண்டு, மேசையில் வைத்த செடிகளுக்கு மதிப்பெண் இட்டு குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் சொல்லும் பயிற்சியும் உண்டு. குறை கண்டுபிடிப்பது எளிது. அந்தக் குறைக்கு ஒரு மதிப்பெண்ணா, மூன்றா என்று நிதானமாக அளப்பதே கடினம். பிடித்த நிறமாக இருந்தால் கை தாராளமாகும், பிடிக்காத ரகமாக இருந்தால் கை இறுகும். இரண்டையும் அடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த வகுப்பின் பெரும்பகுதி.

கண்காட்சியிலிருந்து திரும்பிய செடியை மற்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். அதோடு பூச்சி வந்திருக்கலாம்: மகரந்தம் சிந்தியிருந்தால் இலைப்பேன், வேரில் வெண்தூள் போலத் தெரிந்தால் மாவுப்பூச்சி, நடு இலைகள் சுருங்கி இறுகினால் நுண்சிலந்தி. பூக்களையெல்லாம் வெட்டிவிட்டு, தனி அறையில் சில வாரம் வைத்துக் கவனித்து, அடையாளம் ஏதும் இல்லாத பிறகே தட்டில் ஏற்றுகிறேன். அதற்குள் நல்லதோர் இலையைச் சாய்வாக வெட்டிக் கலவையில் ஊன்றிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் அடியில் குட்டிச் செடிகள் எழும்பும். இதழில் பட்டை வரி கொண்ட கைமேரா ரகங்களை மட்டும் இலையிலிருந்து உண்மை மாறாமல் பெற முடியாது, அவற்றுக்குப் பக்கக் கன்றையே வளர்த்தெடுக்க வேண்டும்.