ஆட்டுக்கு ஆறு பேர், மரத்துக்கு நாலு பேர்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதல் எட்டு நிமிடப் பயிற்சி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்னும் கம்ப்யூட்டர் வியூக விளையாட்டில் முழு ஆட்டமும் ஆடிப் பார்த்துத் தோல்விக்குக் காரணம் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. நாற்பதாவது நிமிடத்தில் கோட்டை இடிந்தபோது தெரியும் ஓட்டை, பெரும்பாலும் மூன்றாவது நிமிடத்தில் விழுந்தது. அதனால் இந்தப் பயிற்சியில் ஆட்டத்தின் முதல் கட்டமான டார்க் ஏஜ் மட்டும்தான். அடுத்த கட்டமான ஃப்யூடல் ஏஜுக்குப் போகும் பட்டனை அழுத்தியதும் ஆட்டத்தை நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

அமைப்பு: டெஃபினிட்டிவ் எடிஷன், அரேபியா மேப், எதிரே சுலபமான கம்ப்யூட்டர், மேக்யார் நாகரிகம். டார்க் ஏஜில் பெரிய பொருளாதாரச் சலுகை இல்லாததுதான் பயிற்சிக்கு நல்லது. பிரிட்டன்களுக்கு ஆடு அறுப்பவர்கள் வேகம் அதிகம். அதில் பழகினால் மற்றதில் கணக்கு தப்பும். சீனர்களை முதலில் தொடவே வேண்டாம். மூன்று வில்லேஜர் (வேலையாள்) கூடுதலாக வரும், ஆனால் கையில் உணவு பூஜ்யம்.

இலக்கு 22 பாப்புலேஷன் (மொத்த ஆள் எண்ணிக்கை), அதாவது 21 வில்லேஜரும் ஒரு ஸ்கவுட்டும் (வேவு பார்க்கும் குதிரைவீரர்). தொடக்கத்தில் மூன்று வில்லேஜர் இருப்பதால் இன்னும் 18 பேர் பிறக்க வேண்டும். ஆளுக்கு 25 விநாடி என்றால் 450 விநாடி. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் ஆராய்ச்சிக்கு இன்னொரு 25. ஆக 475 விநாடி, ஆட்டக் கடிகாரத்தில் 7:55. ஆட்கள் பிறக்கும் கட்டடமான டவுன் சென்டர் (சுருக்கமாக டிசி) ஒரு நொடிகூடச் சும்மா இல்லையென்றால் வரும் நேரம் இது. இதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு விநாடியும் டிசி வேலையில்லாமல் நின்ற விநாடி. கடிகாரம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நிஜத்தில் ஒரு சுற்று ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டீ ஆறுவதற்குள் ஒன்று ஆடலாம்.

1வது சுற்று: 9:40

இழந்தது 105 விநாடி, நாலு வில்லேஜருக்கு மேல். ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்ததில் மூன்று இடத்தில் டிசி நின்றிருந்தது: மூன்றாவது நிமிட வாக்கில் உணவு இல்லாமல் 40 விநாடி, வீடு இல்லாமல் 30, வரிசையில் ஆள் போட மறந்து 35.

மறதிக்கு மருந்து ஒன்றுதான். கண் எங்கே இருந்தாலும் விரல் அடிக்கடி H விசைக்குப் போக வேண்டும் (டிசியைத் தேர்ந்தெடுக்கும் விசை). வரிசையில் எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும். ஐந்தாறு பேரை மொத்தமாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் வரிசையில் போட்ட உடனேயே ஆளுக்கு 50 உணவு பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேர் என்றால் 300 உணவு முடங்கிக் கிடக்கும். விதிவிலக்கு ஆட்டத்தின் முதல் நொடி மட்டும்: கையில் இருக்கும் 200 உணவுக்கு அப்போது வேறு செலவே இல்லை, அதனால் நாலு பேரையும் ஒரே மூச்சில் போட்டுவிடலாம்.

ஆறு பேர் கணக்கு

டிசி ஓயாமல் ஓட 25 விநாடிக்கு 50 உணவு வேண்டும், விநாடிக்கு 2. ஆடு அறுக்கும் வில்லேஜர் விநாடிக்கு 0.33 உணவு எடுப்பார். ஆறு பேர் எடுத்தால் 1.98. எல்லோரும் மந்திரம் மாதிரி ஒப்பிக்கும் 'முதல் ஆறு பேர் ஆட்டுக்கு' என்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஐந்து பேர் என்றால் டிசி மெல்லப் பட்டினி கிடக்கும். எட்டுப் பேர் என்றால் உணவு குவியும், மரம் வராது.

ஆடு டிசியை ஒட்டி விழுந்தால் மட்டும்தான் இந்த 1.98 கிடைக்கும். நாலு கட்டம் தள்ளி அறுத்தால் பாதி நேரம் நடையிலேயே போகும். இரண்டாவது தவறு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆட்டைக் கொல்வது. செத்த ஆடு அழுகும், உணவு தானாகக் குறையும். உயிரோடு நிற்கும் ஆடு ஒன்றும் குறையாது. எனவே ஒன்று தீர்ந்தபின் அடுத்தது. முதல் சுற்றில் இரண்டு ஆடு ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது. உணவு இல்லாமல் போன 40 விநாடியில் பாதிக்கு அதுதான் காரணம்.

ஆடு மொத்தம் எட்டு. நாலு ஆடு டிசிக்கு அருகிலேயே கிடைக்கும், மற்றவை இரண்டிரண்டாகத் தள்ளி நிற்கும். ஸ்கவுட் முதல் இரண்டு நிமிடம் எதிரியைத் தேடிப் போகாமல் சொந்த டிசியை வட்டமடிக்க வேண்டும். எதிரியின் ஸ்கவுட் முதலில் பார்த்தால் ஆடு அவர்களுடையது.

4வது சுற்று: 8:40

மறதி போய்விட்டது, ஆட்டுக் கணக்கும் சரி. 45 விநாடி எங்கே போனது? வீடு.

டிசி ஐந்து பேருக்கு இடம் தரும், ஒவ்வொரு வீடும் ஐந்து. தொடக்கத்திலேயே நாலு பேர் இருப்பதால் முதல் ஆள் பிறந்ததும் இடம் தீர்ந்துவிடும். ஆகவே முதல் நொடியிலேயே மூன்று வில்லேஜரும் வீடு கட்டப் போகிறார்கள்: இரண்டு பேர் ஒரு வீட்டுக்கு, ஒருவர் இன்னொன்றுக்கு. ஒருவர் கட்டினால் 25 விநாடி ஆகும் வீடு, இரண்டு பேர் சேர்ந்தால் 19 விநாடிக்குள் முடியும். முதல் ஆள் பிறப்பதற்குள் ஒரு வீடு தயார். இதில் 50 மரம் போய் 150 மிச்சம்.

இந்த இரண்டு வீட்டோடு கொள்ளளவு 15. டிசி நிற்காமல் ஓடினால் 15 பேர் ஆவது 4:35க்கு. மூன்றாவது வீட்டை ஒருவர் கட்டுவதாக இருந்தால் நாலாவது நிமிடத்திலேயே அடித்தளம் போட்டாக வேண்டும். அதற்கடுத்த முட்டுக்கட்டை 6:40க்கு. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்தபின் வீட்டுப் பிரச்சினை போயே போய்விட்டது. 'பாப்புலேஷன் எண் மின்ன ஆரம்பித்ததும் கட்டலாம்' என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

மரம், நடை

ஏழாவது முதல் பத்தாவது வில்லேஜர் வரை மரத்துக்கு. ஏழாமவர் பிறப்பது 1:40க்கு. மிச்சமிருக்கும் 150இல் 100 போட்டு லம்பர் கேம்ப்பை (வெட்டிய மரத்தை இறக்கும் இடம்) அவரே கட்டுவார். கேம்ப்பை மரத்தோடு ஒட்டி வைப்பதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. காரணம்: வில்லேஜர் ஒரு நடைக்கு 10 மரம் சுமப்பார், விநாடிக்கு 0.39 வெட்டுவார், ஆக சுமை நிறைய 26 விநாடி ஆகும். நடை வேகம் விநாடிக்கு 0.8 கட்டம். கேம்ப்புக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கட்டம் இடைவெளி விட்டாலே போக வர இரண்டரை விநாடி, அதாவது பத்தில் ஒரு பங்கு உழைப்பு வீண். நாலு கட்டம் விட்டால் 26 விநாடி வேலை 36 ஆகிவிடும். முன்வரிசை மரங்கள் தீர்ந்து காடு பின்வாங்கும்போதும் இதே இழப்புதான். இன்னொரு 100 மரம் போட்டு இரண்டாவது கேம்ப் கட்டுவது செலவு மாதிரி தெரியும், ஆனால் அது வரவு.

தனி மரங்களை நம்பிக் கேம்ப் வைக்காதீர்கள். ஒரு மரத்தில் 100தான் இருக்கிறது.

7வது சுற்று: 8:20, காட்டுப்பன்றி

பதினொன்றாம் ஆள் பன்றியை இழுத்துவரப் போகிறார். ஒரு பன்றியில் 340 உணவு, அறுக்கும் வேகமும் ஆட்டைவிட அதிகம் (விநாடிக்கு 0.41). மேப்பில் நமக்கு இரண்டு பன்றி. இழுக்கும் முறை எளிது: அம்பு பட்டதா என்று உறுதி செய்துவிட்டு உடனே டிசி நோக்கி ஓட வேண்டும், பன்றி துரத்தி வரும், டிசியடியில் மற்றவர்கள் சேர்ந்து சுட்டு வீழ்த்துவார்கள்.

தவறுவது மூன்று இடத்தில். அம்பு படும் முன்பே திரும்பினால் பன்றி வராது, ஆள் மட்டும் வருவார். ஏற்கெனவே அடிபட்ட ஆளை அனுப்பினால் வழியிலேயே சாவார். வில்லேஜரின் உயிர் வெறும் 25. மூன்றாவது, டிசி வரும் முன்பே பன்றியைக் கொன்றுவிடுவது. ஆறேழு கட்டம் தள்ளி விழுந்த பன்றியைச் சுமந்தே சுற்று முடிந்துவிடும். 7வது சுற்றில் நடந்தது இதுதான்.

பன்றியின் இறைச்சி ஆட்டைவிட வேகமாக அழுகும். நாலு பேரை வைத்து நிதானமாக அறுத்தால் நட்டம், ஏழெட்டுப் பேர் மொய்க்க வேண்டும்.

12 முதல் 15 வரையான ஆட்கள் பெர்ரிக்கு. முதலில் வருபவர் போகிற வழியில் அந்த மூன்றாவது வீட்டைக் கட்டிவிட்டு மில் (பறித்த உணவை இறக்கும் இடம்) கட்டுவார். மில்லும் லம்பர் கேம்ப்பும் இருந்தாலே ஃப்யூடலுக்கு வேண்டிய இரண்டு கட்டடம் கணக்கில் வந்துவிடும். அடுத்த இருவர் டிசியடிக்கு, இரண்டாவது பன்றிக்கு உதவியாக. மிச்சப் பேர் எல்லாம் மரம்.

பண்ணை எப்போது?

பலரும் ஐந்தாவது நிமிடத்திலேயே பதற்றப்பட்டுப் பண்ணை போடுகிறார்கள். கூட்டிப் பார்க்கலாம். 18 வில்லேஜருக்கு 900 உணவு, ஃப்யூடலுக்கு 500, மொத்தம் 1400. கையில் 200 இருந்தது, சேகரிக்க வேண்டியது 1200. எட்டு ஆட்டில் 800, இரண்டு பன்றியில் 680, ஆறு பெர்ரிச் செடியில் செடிக்கு 125 வீதம் 750. ஆக 2230 உணவு இலவசமாகக் கிடக்கிறது. அழுகுவதைக் கழித்தாலும் தாராளம். பட்டனை அழுத்தும்வரை 60 மரம் கொடுத்து 175 உணவு வாங்கும் பண்ணைக்கு வேலையே இல்லை. ஆடு தொலைந்துபோனாலோ பன்றி இழுத்தவர் செத்தாலோ மட்டும் ஒன்றிரண்டு.

பண்ணைத் தேவை ஃப்யூடலில்தான் திடீரென்று எகிறும். டிசிக்கு விநாடிக்கு 2 உணவு, ஒரு ஸ்டேபிள் (குதிரை லாயம்) ஓயாமல் ஸ்கவுட் (80 உணவு, 30 விநாடி) விட்டால் இன்னும் 2.67. பண்ணைக்காரர் ஒருவர் தருவது சுமார் 0.3. பதினைந்து பண்ணை, அதாவது 900 மரம்! டார்க் ஏஜ் பின்பாதியில் ஆட்களை மரத்தில் குவிப்பது இதற்காகத்தான். வில்லாளி விடுவதாக இருந்தால் இந்தச் சுமை குறைவு. ஒரு ஆர்ச்சரி ரேஞ்சுக்கு நாலு பேர் தங்கத்தில் இருந்தால் போதும், இரண்டு ரேஞ்சுக்கு ஏழு.

ஓர் இடைச்செருகல்: 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பின் திராவிடர் நாகரிகத்துக்கு ஏஜ் மாறும்போதெல்லாம் 200 மரம் இலவசம். மூன்று பண்ணை அப்படியே வந்து விழுகிற மாதிரி. ராஜேந்திர சோழன் கேம்பெய்ன் ஆடியவர்கள் பலர் கப்பலைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். நிலத்திலும் இந்த 200 பெரிய விஷயம்.

9வது சுற்று: 8:10

மிச்சம் 15 விநாடி. இதில் உதவியவை இரண்டு சின்ன வேலைகள்.

ஒன்று, உணவு 40ல் நின்று அடுத்த ஆளைப் போட முடியாதபோது டிசியடியில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து டிசிமேல் ரைட் கிளிக். ஆளுக்கு ஐந்தாறு என்று கையில் வைத்திருப்பதை உடனே இறக்கிவிடுவார்கள். இறக்கியதும் திரும்ப வேலைக்கு அனுப்ப மறந்தால் சும்மா நிற்பார்கள், ஜாக்கிரதை.

இரண்டு, லூம். அதற்கு 50 தங்கம்தான், உணவு தேவையில்லை. கடைசியில் போடுவது வழக்கம் என்றாலும், நடுவில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்து டிசி நிற்கப் போகிறதென்றால் அந்த 25 விநாடியில் லூமைச் செருகிவிடலாம். எப்படியும் செலவழிக்க வேண்டிய நேரம்தானே. இரண்டாவது பன்றிக்கு முன் வந்தால் இரட்டை லாபம், வில்லேஜரின் உயிர் 15 கூடும்.

கல்லைத் தொடவே இல்லை. ஃப்யூடலுக்கு அடுத்த காஸில் ஏஜில் கூடுதல் டிசிக்கு 100 கல் வீதம், கையில் இருக்கும் 200 இரண்டு டிசிக்குப் போதும்.

பட்டனை அழுத்தியபின் 130 விநாடி டிசியில் ஆள் பிறக்காது. அந்த இடைவெளியில் பாரக்ஸுக்கு (படைவீரர் கூடம்) 175 மரம், தங்கத்தருகே மைனிங் கேம்ப்புக்கு 100, மூன்று பேர் தங்கத்துக்கு. ஃப்யூடல் வந்த நொடியில் டபுள் பிட் ஆக்ஸ் (100 உணவு, 50 மரம்) அழுத்தக் கையில் இருக்க வேண்டும். மரம் வெட்டுவது 20 சதவீதம் கூடும். பத்துப் பேர் வெட்டினால் இரண்டு ஆள் இலவசம்.

12வது சுற்று: 8:02

ஏழு விநாடி. இரண்டாவது பன்றி வந்த நேரத்தில் டிசி வரிசை காலியாகியிருந்தது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, ஸ்கவுட்டை வைத்து மான்களை டிசியடிக்குத் தள்ளுவது. ஒரு மானில் 140 உணவு. மூன்று தள்ளினால் 420. பெர்ரிக்கு ஆள் குறைத்து மரத்துக்கு இருவரைக் கூடுதலாக விடலாம் போலிருக்கிறது. அது சரிப்பட்டால் 20 பாப்புலேஷனில், அதாவது 7:05க்கு, அழுத்திப் பார்க்க வேண்டும்.