ஆண்டர்சன் கழிமுகத்தில் பறக்கும் படகு

ஜனவரி 11

இன்வர்லாக். மெல்பர்னுக்குத் தென்கிழக்கே, ஆண்டர்சன் கழிமுகக் கரையில் உள்ள இந்தச் சிற்றூரில்தான் 1928இல் லென் மோரிஸ் பதினொரு அடி நீளப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டினார். ஒருவர் மட்டும் ஓட்டும் மாத் வகைச் சிறு பாய்ப்படகுகளின் ஆஸ்திரேலியத் தொடக்கம் அதுவே. அவ்வழியில் வந்த, நீருக்கடியில் உள்ள சிறகுகளின் தூக்குவிசையால் நீருக்கு மேல் எழும்பிப் பறக்கும் வாஸ்ப் படகை அதே நீரில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நண்பகல் கடலேற்றத்தில் படகை இறக்கினேன். அதன் இரண்டு நீர்ச்சிறகுகளையும் மேலே இழுத்து வைக்க முடிவதால் கரையிலிருந்து தள்ளிச் செல்வது எளிது. நீர் மார்பளவு வந்தபின் அவற்றைக் கீழே இறக்கிப் பூட்டினேன். காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்தில் வீசியது. படகு எழும்பியதும் அலைமோதும் ஓசை முழுவதும் அடங்கிப்போன அந்த நொடிக்காகவே இவ்வளவு தொலைவு வரலாம்.

ஜனவரி 12

வற்றம் தொடங்கிய பின்னும் கரையேற மனம் வரவில்லை. அது என் தவறு.

முன்னணியத்தில் தொங்கும் உணர்கோல் நீர்மட்டத்தைத் தொட்டபடியே வந்து, படகு தாழ்ந்தால் சிறகின் மடலைக் கீழே வளைத்துத் தூக்குவிசையைக் கூட்டுகிறது, உயர்ந்தால் குறைக்கிறது. ஆனால் அந்தக் கோலுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். அடியில் இருக்கும் மணல் தெரியாது. படகு 60 சென்டிமீட்டர் எழுந்து பறக்கும்போது, படகுக்கு ஒரு மீட்டர் கீழே நீளும் சிறகு நீருக்குள் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆகவே சிறகை இறக்கியபடி மிதக்க முடியாத ஆழமற்ற இடத்திலும் பறக்க முடிகிறது. நீர் வெளிர்மஞ்சளாக மாறிய இடத்தை நான் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன். காற்று சற்றே தளர்ந்ததும் படகு கீழே இறங்கியது, சிறகு மணலில் குத்தி நின்றது, நான் நிற்கவில்லை. பாய்மரத்தில் விலா மோதிக் கன்றிவிட்டது. சிறகின் நுனியிலும் கீறல்.

ஜனவரி 18

கீறலை ஈர உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தேன். விலா இன்னும் வலிப்பதால் படகை எடுக்கவில்லை. முழு வற்றத்தில் மணல்திட்டுகளின் மேல் ஒரு மணி நேரம் நடந்து, ஓடை எங்கே வளைகிறது, கடற்புல் எங்கே அடர்ந்திருக்கிறது என்று கரையிலுள்ள மரங்களை அடையாளமாக வைத்து வரைந்துகொண்டேன். நான் விழுந்த இடம் ஓடையிலிருந்து இருபது அடிகூட இல்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஜனவரி 25

காலை ஏற்றத்தில், ஓடையை விட்டு விலகாமல் ஓட்டினேன். பறக்கப் போதுமான ஆழம் இருக்கிறதா என்று பார்க்காமல், இந்த இடத்தில் விழுந்தால் மிதப்பேனா என்று பார்த்தே ஒவ்வொரு திருப்பத்தையும் முடிவு செய்தேன். ஒருமுறை கடற்புல் சிறகில் சிக்கி வேகம் குறைந்தது. ஆழம் இருந்ததால் படகைச் சாய்த்து நிதானமாக அதைக் களைந்தேன். நீரின் நிறம் வெளிறத் தொடங்கியதும், காற்று நன்றாக இருந்தபோதே திரும்பிவிட்டேன்.