எலிகளின் குடல் வாயுவை அளந்த அனுபவம்

மொச்சையும் கொண்டைக்கடலையும் வாயு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊறவைப்பதாலும் முளைகட்டுவதாலும் அந்த வாயு எவ்வளவு குறைகிறது என்பதை எலிகளில் அளப்பது, சென்னையில் நான் செய்த முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. இதே வேலையில் இறங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலங்குப் பரிசோதனைக்கான 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முதலில் ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கூட்டத்தை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். உணவுக்கொரு எலிக்கூட்டம் வைக்காமல், அதே எலிகளுக்கு இடைவெளி விட்டு உணவை மாற்றிக் கொடுக்கலாமே என்ற யோசனை அங்கேதான் வந்தது. அதனால் தேவைப்பட்ட எலிகளும் குறைந்தன.

நாங்கள் அளந்தது ஹைட்ரஜனை. பாலூட்டிகளின் உயிரணுக்கள் அதை உண்டாக்குவதில்லை. குடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளைச் சிதைக்கும் நொதி நம் சிறுகுடலிலும் இல்லை, எலியின் சிறுகுடலிலும் இல்லை என்பதால், அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கின்றன. உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு இரத்தத்தில் கலந்து மூச்சு வழியாகவும் வெளியேறுவதால், எலியை முழுவதுமாகக் காற்றுப்புகா அறைக்குள் வைத்தே அளக்க வேண்டும்.

அறைக்குள் காற்றைச் சிறு பம்ப் சுழற்றும். கரியமில வாயுவை சோடா லைம் உறிஞ்சிக்கொள்ளும். எலி சுவாசித்துக் குறைக்கும் ஆக்சிஜனை உடனுக்குடன் ஈடு செய்ய வேண்டும். இதில் பெரும் தலைவலி கசிவுதான். சிலிக்கோன் குழாயின் சுவர் வழியாகவே ஹைட்ரஜன் ஊடுருவிப் போய்விடும் என்பதால், எலியை வைக்கும் முன் வெற்று அறையில் தெரிந்த அளவு ஹைட்ரஜனைச் செலுத்தி, மறுநாள் காலையில் அது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்போம். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில், மாதிரியைச் சுமந்து செல்லும் வாயுவாக ஹீலியத்துக்குப் பதிலாக ஆர்கானைப் பயன்படுத்தினோம். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுடையதை நெருங்கியிருப்பதால், அந்த வேறுபாட்டை வைத்தே அளக்கும் வெப்பக் கடத்தல் உணர்கருவியில் சமிக்ஞை எழும்பாது. சென்னை வெயிலில் மின்சாரம் நின்றால் மூடிய அறை எலிக்கு ஆபத்து. ஜெனரேட்டர் தயாராக இல்லாத நாளில் சோதனையைத் தொடங்கவே கூடாது.

பயறு சேராமல், பால் புரதமான கேசீன் சேர்த்த உணவில் ஹைட்ரஜன் மிகக் குறைவாகவே வந்தது. மொச்சை தின்ற எலிகளில், உணவு பெருங்குடலை எட்டச் சில மணி நேரமாகும் என்பதற்கேற்ப, அளவு தாமதமாகவே ஏறியது. ஊறவைத்த தண்ணீரை வடித்துவிட்டு வேகவைத்த மொச்சையில் அது தெளிவாகக் குறைந்தது. முளைகட்டியதில் இன்னும் குறைந்தது. ஆனால் தின்ற உணவின் எடையை ஒவ்வொரு முறையும் நிறுத்து, கிராமுக்கு எவ்வளவு ஹைட்ரஜன் என்று கணக்கிட்ட பிறகே இந்த ஒப்பீட்டை ஏற்றுக்கொண்டோம்; பிடிக்காத உணவை எலி குறைவாகத் தின்றாலும் வாயு குறைந்ததாகவே தெரியும்.