வாணவெடிக் குழாய்களுக்கு மர ரேக்

அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு 1.75 அங்குல ஷெல் (குழாயிலிருந்து வானில் பாய்ந்து வெடிக்கும் வாணவெடி உருண்டை) விடுபவர்களுக்கு: ஒரு ரேக்கில் (குழாய்களை நிமிர்த்தி வைக்கும் தாங்கி) ஐந்து குழாய் போதும். எச்டிபிஇ (உறுதியான ஒரு வகை பிளாஸ்டிக்) குழாயே வாங்குங்கள். பிவிசி வேண்டவே வேண்டாம், வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும்.

குழாய்களை ஒட்டி அடுக்காமல், நடுவே இரண்டு விரல் அகல மரத்துண்டு வையுங்கள். ஷெல் ஒன்று குழாய்க்குள்ளேயே வெடித்தால் பக்கத்துக் குழாய் சாயும். அடுத்த ஷெல் கூட்டத்தைப் பார்த்துப் பாயும். பக்கங்களை முழுப் பலகையால் மூடவும் கூடாது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், அவ்வளவுதான். அழுத்தம் வெளியேற வழி வேண்டுமே!

வெறும் ஆணி அதிர்வில் கழன்றுவிடும். ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூ படக்கென்று முறியும் (மலிவு என்று பலர் மாட்டிக்கொள்வது இதில்தான்). டெக் ஸ்க்ரூவோடு (வெளிப்புற மரத்தளத்துக்கான ஸ்க்ரூ) மரப்பசையும் போடுங்கள்.

அடியில் 2 அடி நீளக் குறுக்குக் கால் இரண்டு, முளையடித்துக் கட்ட வேண்டும். ரேக்கின் குறுகிய முனை கூட்டத்தை நோக்கி இருக்கட்டும்; கவிழ்ந்தாலும் பக்கவாட்டில்தான் கவிழும்.