வெயிலிடம் கேட்ட கேள்வி: முள்ளியவளை வாசிப்பு நாட்குறிப்பு

மே 4

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட ‘அந்நியன்’ நாவலின் இரண்டாம் பாகத்தை இன்று மீண்டும் வாசித்து முடித்தேன். அல்பெர் காம்யு இதை வெளியிட்ட 1942இல் பாரிஸ் ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. தலைக்கு மேலே எரியும் வெயிலில், அல்ஜீரியக் கடற்கரையில், நாவலின் நாயகன் மெர்சோ ஓர் அரேபியனைச் சுடுகிறான். முதல் வெடியோடு நிறுத்தாமல், சற்றே தாமதித்து, அசைவற்றுக் கிடக்கும் உடலின்மீது மேலும் நான்கு முறை சுடுகிறான். ஏன் சுட்டாய் என்று நீதிமன்றம் கேட்கும்போது, வெயில்தான் காரணம் என்கிறான், கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் அந்த மன்றில் விசாரிக்கப்படுவது கொலை அன்று. தாயின் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அவன் பால் கோப்பி குடித்ததும், அழாமல் இருந்ததும், மறுநாளே கடலில் குளித்துப் பகிடிப் படம் பார்க்கப் போனதுமே அவனை மரண தண்டனைப் பக்கம் தள்ளுகின்றன. சுடப்பட்டவனுக்கு நாவல் முழுவதிலும் ஒரு பெயர் இல்லை. அவனுடைய தாய் எங்கே இருக்கிறாள் என்று எவரும் கேட்பதில்லை. வன்னியிலிருந்து வாசிக்கிற எனக்கு மெர்சோவின் அலட்சியத்தைவிட இந்தப் பெயரின்மையே அதிகம் உறுத்துகிறது.

மே 7

வற்றாப்பளை அம்மன் பொங்கல் நெருங்குகிறது. கடலில் அள்ளி வந்த உப்புநீரில் விளக்கெரிக்கும் அந்தச் சடங்கைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். கோவலன் கூத்து ஆடப்படும் இந்த மண்ணில் கண்ணகியை எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு நாட்களாக ஒரு நினைவு என்னை விடாமல் பிடித்திருக்கிறது: அவளும் வெயிலிடம்தான் கேட்டாள். “காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்” என்று அவள் கேட்க, “கள்வனோ அல்லன்” என்று ஞாயிறே பதில் சொல்கிறது. இளங்கோவடிகளின் உலகில் கேட்டவளுக்குப் பதில் உண்டு. அந்தப் பதிலைத் தாங்கிக்கொண்டுதான் அவள் அரசவைக்குப் போனாள்.

காம்யுவின் வெயில் வாய் திறப்பதில்லை. ‘அந்நியன்’ வெளிவந்த அதே ஆண்டில், கல்லை மலையுச்சிக்கு ஓயாமல் உருட்டும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராணத்துச் சிசிபஸைப் பற்றி எழுதிய நூலில் அவர் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: அபத்தம் மனிதனிடத்திலும் இல்லை, உலகத்திடத்திலும் இல்லை, காரணம் கேட்கிற மனிதனும் வாய் திறவாத உலகமும் எதிரெதிரே நிற்கும்போதுதான் அது பிறக்கிறது. ஆகவே கேள்வியைக் கைவிட்டால் அபத்தமும் இல்லாமற் போகும். தற்கொலையையும், கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கைக்குள் பாய்வதையும் அவர் ஒருசேர மறுப்பது இதனால்தான். ‘எதற்கும் அர்த்தமில்லை, ஆகவே எதையும் கேட்காதே’ என்பதே இந்த எழுத்தின் சாரம் என்று நம்மிடையே பலர் சொல்லி வருகிறார்கள். அது முற்றிலும் தலைகீழான வாசிப்பு. அப்படிச் சொல்பவர்கள் அந்த நூலின் கோபத்தைத் தவறவிடுகிறார்கள்.

மே 9

சார்த்தரின் ‘குமட்டல்’ (1938) நாவலும் நாட்குறிப்பு வடிவில் எழுதப்பட்டதுதான். அதன் நாயகன் ரொக்கந்தான் பூங்காவில் ஒரு மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் பெயரும் பயனும் கழன்று விழ, வெறும் இருப்பு மட்டும் எஞ்சி அவனைத் திணறடிக்கிறது. எழுத்தின் வலிமையை மறுக்க முடியாது. ஆயினும் புதுக்குடியிருப்புப் பக்கம் போரில் வட்டிழந்து நிற்கும் பனைகளைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியதேயில்லை. அவை ஏன் அப்படி நிற்கின்றன என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாவல் வந்த ஆண்டிலேயே அல்ஜியர்ஸ் நாளிதழ் ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதிய இளம் காம்யு, வாழ்க்கை அபத்தமானது என்று கண்டுகொள்வது முடிவாகாது, தொடக்கம் மட்டுமே என்றார்.

மே 12

‘கொள்ளை நோய்.’ 1942இல் காசநோய்க்காக பிரான்சின் மலைப்புறம் ஒன்றில் தங்கியிருந்த காம்யு, அந்த நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கியதும் கடல் கடந்து திரும்ப வழியின்றி, அல்ஜீரியாவின் ஒரான் நகரிலிருந்த மனைவியைப் பிரிந்து அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். 1947இல் வெளிவந்த நாவலில் ஒரானின் வாசல்கள் திடீரென அடைக்கப்படுகின்றன. கடிதங்கள் தடைசெய்யப்பட, தந்தியில் அடங்கும் சில சொற்களுக்குள் கணவனும் மனைவியும் தாயும் மகனும் தங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைப் போர் சூழ்ந்த வன்னிக்குள் கழித்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை விளக்க ஒருவரும் தேவையில்லை.

நீதிபதியின் சிறுமகன் சாகும் அத்தியாயத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். புதிதாகத் தயாரித்த மருந்து அவனைக் காப்பாற்றவில்லை. துடிப்பை நீட்டித்தது மட்டுமே அதன் பலன். கொள்ளை நோய் கடவுளின் தண்டனை என்று முன்பு பிரசங்கம் செய்த பாதிரியார் பனலூவும் கட்டிலருகே நிற்கிறார். அவரைப் பார்த்து வைத்தியர் ரியே, இவனாவது குற்றமற்றவன் என்று வெடிக்கிறார். குழந்தைகள் வதைபடும் ஒரு படைப்பைச் சாகும்வரை நேசிக்க மறுப்பேன் என்கிறார். பிறகு அடுத்த நோயாளியிடம் போகிறார்.

அந்தப் போவதில்தான் எல்லாம் இருக்கிறது. ரியே அதை வீரம் என்று சொல்லவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் நேர்மை என்று மட்டுமே சொல்கிறார். 2009இல், போரின் இறுதி மாதங்களில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக மருத்துவமனைகளில், மருந்துகள் தீரத் தீர, காயப்பட்டோருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் வாசிக்க முடியவில்லை. சிசிபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும் என்ற புகழ்பெற்ற வரி எனக்கு ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. அவன் தனியன், அவனுடைய கல் வேறொருவர் மேலும் உருள்வதில்லை. ஒரானில் கல் எல்லோர் மேலும் உருள்கிறது. காம்யு ஐந்தாண்டுகளில் கடந்த தூரம் இது.

மே 18

முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போய் வந்தோம். சிரட்டையில் கஞ்சி தந்தார்கள். இன்று புத்தகம் எடுக்கவில்லை.

மே 21

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்றும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். பழைய கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், ஓரம் பிரிந்த லமினேட் படம் எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் இருக்கின்றன. பையின் பிடி அறுந்து, சீலைத் துண்டால் கட்டியிருக்கிறது. எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் மகன் கடைசியாக உடுத்திருந்த கோடுபோட்ட நீலச் சேட்டு கடிதத்தில் வர வேண்டும்.

“அதை முதல்லயே போடு தம்பி. வாசிக்கிறவன் அவனைக் காண வேணும்” என்றார்.

‘கொள்ளை நோய்’ நாவலில் கிரான் என்றொரு நகரசபை எழுத்தர் வருகிறார். ஒரு மே மாதக் காலையில் குதிரையில் போகும் பெண்ணைப் பற்றிய ஒரே வாக்கியத்தை ஆண்டுக்கணக்காகத் திருத்திக்கொண்டிருப்பவர். பகலில் தன் வேலை, மாலையில் சுகாதாரக் குழுவின் கணக்குகள், இரவில் அந்த வாக்கியம். நாவலுக்கு ஒரு நாயகன் வேண்டுமென்றால் இவரே என்று கதைசொல்லி அவரைச் சுட்டிக்காட்டுகிறார். அக்காவும் நானும் அந்த நீலச் சேட்டு வரியை எத்தனையோ விதமாக எழுதிவிட்டோம்.

நம் தாய்மார் காத்திருப்பதை, வராத ஒருவருக்காக இருவர் காத்திருக்கும் பெக்கெற்றின் ‘கொடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இருவரில் ஒருவனான எஸ்திரகோனுக்கு நேற்று நடந்தது நினைவில் நிற்பதில்லை. போவோம் என்கிறார்கள், ஆனால் இருவரும் அசைவதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் எதையும் மறக்கவில்லை. அவர்கள் செய்வதைக் காத்திருப்பு என்று சொல்வதே பிழை; அவர்கள் கேட்கிறார்கள்.

மே 24

காமெல் தாவுதின் ‘மெர்சோ: மறுவிசாரணை.’ 2013இல் அல்ஜீரியாவில் முதலில் வெளிவந்த இந்த நாவலில், மெர்சோ சுட்ட அரேபியனின் தம்பி ஹாரூன் வயோதிபனாகி மதுச்சாலையில் அமர்ந்து பேசுகிறான். தமையனுக்கு மூசா என்று பெயர் உண்டு. அவனுடைய உடல் கிடைக்கவில்லை. கொலைச் செய்தி வந்த பத்திரிகை நறுக்குகளைத் தாய் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். மகன் பிரெஞ்சு படித்து அவற்றை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதைக் காம்யுவுக்கு எதிரான நூல் என்று பலர் எழுதினார்கள். எதிரானதுதான், பெயரில்லாமல் ஒருவனைக் கடற்கரையில் விட்டுப்போனதற்கான நியாயமான கோபம் அதில் இருக்கிறது. ஆனால் கேள்வியைக் கைவிடாதே என்று காம்யு கற்பித்த அதே அளவுகோலை எடுத்தே தாவுத் அவரை அளக்கிறார் என்பது என் எண்ணம். அதனால் இரண்டு நூல்களையும் சேர்த்தே வாசிக்கச் சொல்கிறேன்.

பின்னேரம் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சேட்டைப் பற்றி அந்தப் பேப்பரில் ஏதும் போட்டிருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நாளை முதல் பஸ்ஸில் கடிதத்தோடு கிளிநொச்சிக்குப் போகிறார்; நானும் கூடப் போகிறேன். பயணத்தில் வாசிக்க ‘முதல் மனிதன்’ எடுத்து வைத்திருக்கிறேன். 1960இல் காம்யு இறந்த கார் விபத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்து, 1994இல் அச்சேறிய நாவல் அது. முதலாம் உலகப் போரில் மடிந்த தகப்பனின் கல்லறையைத் தேடிப் போகிறான் ஒரு மகன்.